மூங்கிற் போத்தும் புட்டி நாற்றும்



கூடை, முறம், ஏணி, பந்தற்கால், கடைசியில் பாடை என மூங்கிலின்றிக் காரியம் நடவாத வீடு புதுக்கோட்டை ஜில்லாவில் இல்லை. ஆயினும் அதைப் பயிராக இட்டவர் சிலரே. சங்கத்தில் கடன் பெற்று மூங்கில் நட விரும்புவோர், குழி வெட்டுமுன் அதன் ஆயுட்கணக்கை அறிதல் அவசியம்.

முள் மூங்கில் ஏறக்குறைய 45 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். கல் மூங்கிலின் காலம் இடத்துக்கேற்ப 25 முதல் 45 ஆண்டு வரை மாறுபடும். ஒரே காலத்து விதையினின்றும் தோன்றிய தூறுகள் பெரும்பாலும் ஏககாலத்திற் பூத்து, மூங்கிலரிசியைச் சொரிந்துவிட்டு மடிந்துபோம். போத்து வெட்டி நடுவதால் ஆயுள் புதிதாய்த் தொடங்குவதில்லை. தாய்த்தூறின் வயதையே போத்தும் சுமந்து வரும். 40 வயதுத் தூறினின்றும் எடுத்த போத்து, கடனிற் பாதி அடையுமுன்னரே பூத்து முடிந்துவிடக்கூடும். ஆதலால் அத்தூறு யார் காலத்தில் வைத்தது, எப்பொழுதேனும் பூத்ததுண்டா என்று ஊர்ப் பெரியோரை விசாரிக்க வேண்டும். ஒரே தூறை நம்பாது பல ஊர்த் தூறுகளினின்றும் எடுப்பது விவேகம்.

விதை கிடைத்தால் மலிவு, ஆயுளும் புதிது. ஆனால் அதன் முளைப்புத்திறன் நெடுநாள் நில்லாது.

போத்து முறையைக் கேரளத்துப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் செம்மைப்படுத்தியுள்ளனர். மாசி, பங்குனியில், புதுக்குருத்து எழுமுன், ஏறத்தாழ இரண்டு வயதுள்ள கழியை வெட்ட வேண்டும். அவ்வாண்டு எழுந்த இளங்கழியும் முற்றிய கழியும் உதவா. இரு கணுக்கள் உள்ள துண்டுகளாக அறுத்து, கணுமொட்டு சிதையாமற் பக்கக்கிளைகளைக் கழிக்க வேண்டும். கணுவிடையில் சிறு துளையிட்டு, நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்னும் வேரூக்கி கரைத்த நீரை 100 மில்லி லிட்டர் ஊற்றித் துளையை மூடிக் கட்டுக. 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் மருந்து போதும். அதை முதலிற் சிறிது சாராயச் சத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். துளை மேல்நோக்க, துண்டைப் பாத்தியிற் கிடையாகப் படுக்க வைத்து, மெல்லிதாக மண் மூடி, வைக்கோல் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து வருக.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். சில வாரங்களில் தளிர் வந்துவிடும். ஆனால் அது கழியிலிருந்த சத்தினால் வந்தது. வேர் பின்னரே இறங்கும். பசுமையைக் கண்டு அவசரப்பட்டுப் பெயர்த்தவர் நட்டது கருகிப்போம். மாசியில் வைத்ததை ஐப்பசி மழையிற் பெயர்த்து நடுவது நம் பக்கத்துப் பருவத்துக்கு நன்கு இசையும். முள் மூங்கில் இம்முறைக்கு இணங்கும்; கல் மூங்கிற் கழியோ எளிதில் வேர்விடாது.

திசு வளர்ப்பு என்பது மொட்டுள்ள சிறு கணுவைக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்த பாகில், கண்ணாடிப் புட்டிக்குள் வளர்த்துப் பெருக்குவதாகும். ஓசூரில் முள்ளற்ற பீமா மூங்கில் இவ்விதமே பெருக்கப்படுகிறது. நாற்று ஒரே சீராயிருக்கும். ஆயின் புட்டியின் ஈரத்தில் வளர்ந்த செல்லப்பிள்ளையை நிழலிற் படிப்படியாகப் பழக்காமல் நம் செம்மண் வெயிலிற் கொண்டுவிடலாகாது.

புட்டியில் வளர்ந்தமையால் வயதுக்கணக்கு அழிந்துவிட்டதென்று எண்ணுவதும் பிழை. புனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார், மூங்கில் புட்டிக்குள்ளேயே பூத்து விதைத்ததை 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது மருந்தின் தூண்டுதலால் நேர்ந்தது. எனினும் வளர்ந்த தூறினின்றும் எடுத்த திசுவும் போத்தைப் போலத் தாயின் பகுதியே.

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டராக நட்டால் ஏக்கருக்கு 160 கன்று வேண்டும். இவற்றைத் தனித்தனியே வாங்காமல், கிணற்றுப் பாசனமுள்ள ஓர் அங்கத்தினர் நிலத்தில் சங்கமே பொது நாற்றங்கால் வைக்கலாம். புட்டி நாற்று வாங்குவதாயின், தாய்ச்செடி விதையினின்றும் வந்ததா, வளர்ந்த தூறா, அதன் வயதென்ன என்பவற்றை விற்பவரிடம் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிச் சங்கக் காரியதரிசியிடம் ஒப்புவிக்கவும்.