பழைய கிளாரினெட்டில் பெயரைப் பார்ப்பதா, மரத்தைப் பார்ப்பதா?

பழைய கிளாரினெட் வாங்கப் போகிறவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் தேடுவது பெயரைத்தான். தப்பில்லை. ஆனால் பெயரை நம்பி மட்டும் பணத்தை எண்ணிக் கொடுக்க முடியாது.

பிரான்சின் பஃபே கிராம்போன் நிறுவனம் 1955-இல் ஆர்13 என்ற மாடலைக் கொண்டுவந்தது. ராபர்ட் கரே வடிவமைத்த அந்தக் கருவி பிறகு அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் கொடிகட்டிப் பறந்தது. இன்றும் தயாராகிறது, புதிதாக வாங்கினால் லட்சங்களில் விலை. அதனால்தான் பழசுக்கு இத்தனை கிராக்கி. வேடிக்கை என்னவென்றால், பழைய ஆர்13-இன் உடம்பில் ‘ஆர்13’ என்ற எழுத்தே இருக்காது. நிறுவன முத்திரையும் வரிசை எண்ணும்தான் இருக்கும். ‘பி12’ என்று பொறித்திருந்தாலோ, அது அதே நிறுவனம் மாணவர்களுக்காக விற்ற பிளாஸ்டிக் கருவி. எவெட், எவெட் அண்ட் ஷேஃபர் என்ற பெயர்களும் அதே வீட்டுச் சரக்குதான், ஒரு படி கீழே. மோசமில்லை, ஆனால் ஆர்13 விலை கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வேறு வேறாக இருந்தால், இரண்டு கருவிகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக விற்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது சுருதி. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பேண்டுகளில் ‘ஏ’ சுரத்துக்கு விநாடிக்கு சுமார் 452 அதிர்வுகள் என்ற உயர்ந்த சுருதி வழக்கத்தில் இருந்தது. இன்றைய 440, 1939-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் முடிவானது. இரண்டுக்கும் வித்தியாசம் அரைச் சுரத்தில் ஏறக்குறையப் பாதி. பழைய கருவிகள் சிலவற்றில் ‘ஹெச்.பி.’, ‘எல்.பி.’ என்று உயர்ந்த சுருதியும் தாழ்ந்த சுருதியும் குறித்திருக்கும். பேரலைக் கொஞ்சம் நீளமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சமாதானம் சொல்வார். சரியாகாது. துளைகளின் இடைவெளியே அந்தச் சுருதிக்காகப் போட்டது. ஒரு சுரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும். ஆனால் நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. சதிர் ஆட்டத்துக்கு வாசித்த சின்ன மேளத்தோடு நம் இசைக்குள் வந்து, வித்வான் ஏ.கே.சி. நடராஜன் கையில் 2008-இல் சங்கீத கலாநிதி விருது வரை உயர்ந்த கருவி கிளாரினெட். தனியாக வாசிக்கும் கர்நாடக வித்வானுக்கு ஹெச்.பி. பெரிய குற்றமில்லை, சுருதிப்பெட்டியைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். பியானோவோடு சேர வேண்டியவருக்கு அது வீண் செலவு.

இனி மரம். நல்ல கிளாரினெட் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனது. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் இந்த மரம் நம் மலைகளின் தோதகத்திக்கு உறவு; தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஊதுபவரின் ஈரமான மூச்சு உட்புறத்தை விரிக்க, வெளிப்புறம் வறண்டு கிடக்க, மேல் துண்டில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ட்ரில் கீகளின் துளைகளைச் சுற்றி நகம் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறுக்கே ஊசி வைத்து ஒழுங்காக ஒட்டிய பழைய விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். துளையை ஊடறுத்துப் போகும் விரிசல் என்றால் யோசிக்க வேண்டும். பேடு கிழிந்திருப்பது, கார்க் உதிர்ந்திருப்பது, ஸ்பிரிங் துருப்பிடித்திருப்பது எல்லாம் மாற்றக்கூடியவை. ஆனால் செலவு உண்டு, அதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கீகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும்.

காற்று கசிகிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மேல் துண்டின் துளைகளை விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். சில விநாடிகள் உதட்டைப் பிடித்து இழுத்தால் பேடு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாசித்தும் பார்க்க வேண்டும். புல்லாங்குழலில் ஸ்தாயி மாற்றினால் சட்ஜமம் மேல் சட்ஜமத்துக்குப் போகும். கிளாரினெட்டில் ரிஜிஸ்டர் கீயைத் தொட்டால் சட்ஜமம் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு, கீழ்ச் சுரங்களை ஒவ்வொன்றாக இப்படித் தாவ வைத்துக் கேட்டால் குழலின் யோக்கியதை வெளியே வந்துவிடும்.

சில சமயம் குற்றம் குழலில் இருக்காது, மவுத்பீஸில் இருக்கும். பூஸி அண்ட் ஹாக்ஸின் 1010 மாடல் இதற்கு நல்ல உதாரணம். ஜாக் பிரைமர் வாசித்துப் புகழ் சேர்த்த இந்த ஆங்கிலக் கருவியின் உள்விட்டம் சுமார் 15.2 மில்லிமீட்டர், ஆர்13-இல் 15-க்கும் குறைவு. 1010-க்கென்று செய்த மவுத்பீஸ் இல்லாமல் அதை வாங்கினால் சுருதி கலைந்துதான் கேட்கும். ஆகவே அந்த மவுத்பீஸும் கூட வருகிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.