ஐந்து சென்டிமீட்டர்



2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 21. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ். நான்கு கருவிகளிலும் எடுக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கான இறுதிப்போட்டி. குதிரை எனப்படும் வால்ட் கருவியின்மேல் பாய்ந்தவர்களில் பலர் தடுமாறுகிறார்கள். தங்கம் வெல்வார் என்று பலரும் எண்ணியிருந்த ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா முழங்காலில் வந்து விழுகிறார். பிரிட்டனின் அன்னிகா ரீடர் காயம்பட்டுப் போட்டியை விட்டே விலகுகிறார்.

குதிரையின் உயரம் சரியில்லை என்று கண்டுகொண்டவர் ஆஸ்திரேலியாவின் 16 வயது அலானா ஸ்லேட்டர். அளந்து பார்த்தார்கள். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, 120-இல் நின்றது.

ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். யுர்சென்கோ என்ற பாய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடிவந்து, கைகளை ஊன்றிப் புரண்டு, ஸ்பிரிங்போர்டில் கால் பதித்து, முதுகுப்புறமாகக் குதிரைமேல் பறக்க வேண்டும். அந்தக் கணத்தில் கண்ணுக்குக் குதிரை தெரியாது. ஆண்டுக்கணக்காகப் பழகிய உயரத்தில் அது இருக்கும் என்று நம்பித்தான் கை போகிறது. அங்கே அது இல்லையென்றால் உந்துவிசை குறையும், உடல் போதிய உயரம் எழும்பாது, சுழற்சி முடியுமுன் தரை வந்துவிடும்.

தவறு தெரிந்ததும் குதிரையை உயர்த்தினார்கள். ஏற்கெனவே பாய்ந்தவர்கள் விரும்பினால் மறுபடி பாயலாம் என்றார்கள். ஆனால் அதற்குள் கோர்கினா அடுத்த கருவியான இரட்டைக் கம்பியிலும் விழுந்திருந்தார். அந்த மதிப்பெண் மாறாது. அவர் மறுபடி பாயவில்லை. மனம் உடைந்துபோன ஒருவரிடம் இன்னொரு வாய்ப்பை நீட்டுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடக் கொடிய விபத்து 1988-இல் டோக்கியோவில் நடந்தது. அதே யுர்சென்கோவுக்கு முயன்றபோது ஸ்பிரிங்போர்டில் கால் தவறி, அமெரிக்கச் சிறுமி ஜூலிசா கோமஸின் தலை குதிரையில் மோதியது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1991-இல் அவர் இறந்தார். இன்று யுர்சென்கோ பாய்பவர்களுக்கு ஸ்பிரிங்போர்டைச் சுற்றிப் பாதுகாப்பு மெத்தை கட்டாயம்.

2001-இல் ஒடுங்கிய குதிரை போய், அகன்ற மேசை வந்தது. கை ஊன்ற இடம் கூடியது, நல்ல மாற்றம். ஆனாலும் உயரம் பெண்களுக்கு 125, ஆண்களுக்கு 135 என்றே இருக்கிறது. ஒரே மேசையை இருவருக்கும் பயன்படுத்தும் கூடத்தில் யாராவது அதை ஏற்றி இறக்கத்தான் வேண்டும். உங்கள் பிள்ளை பயிலும் இடத்தில் அதை அளப்பவர் யார் என்று கேளுங்கள். உயரம் மாறியிருப்பதாகப் பிள்ளை சொன்னால், நாடாவை எடுத்து அளந்த பிறகே பாயச் சொல்லுங்கள்.