ஆறாத புண்

(மஹல்லா மருத்துவக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சென்ற கோடையில் நம் மஹல்லாப் பெரியவர் ஒருவரின் கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. ளுஹருக்கு ஒளூச் செய்துவிட்டு, ஹவ்ளிலிருந்து உள்பள்ளி வரை வெயிலில் கொதித்த தளத்தில் நடந்ததுதான் தொடக்கம். பாதத்தில் கொப்புளம் எழுந்தது, வலிக்கவில்லை. வலியில்லை என்பதை அவரும் நாமும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். நீண்டகாலச் சர்க்கரையால் நரம்புகள் மரத்துப்போனதன் அடையாளம் அது என்பதை அப்போது நாம் உணரவில்லை.

1882இல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிச் செல்கள் திரண்டு நின்றன. அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலிலும் காயம்பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளோடு போரிடுகின்றன. பின்னர் வரும் மேக்ரோபேஜ் அணுக்கள் இறந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. சில நாட்களில் இவை தம் குணத்தை மாற்றிக்கொண்டு, வீக்கத்தைத் தணித்து, புதுத் தோலும் இரத்தக் குழாயும் வளரச் செய்தி அனுப்புகின்றன. நீரிழிவில் தடைபடுவது இந்த மாற்றமே. பழைய சுவரை இடிக்க வந்தவர்கள் இடித்துக்கொண்டே இருந்தால் கொத்தனார் எங்கே கல் வைப்பார்? நியூட்ரோஃபில்களும் கிருமியைப் பிடிக்கத் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகின்றன. சர்க்கரை மிகுந்தால் அவ்வலை அளவு மீறி, ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது என்று எலிகளில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே மஞ்சளையும் காப்பித்தூளையும் அப்பிக் காத்திருப்பதில் பயனில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், இறந்த சதையை மருத்துவர் அகற்றுவதும், புண்பட்ட பாதத்தில் உடற்பாரம் விழாமல் காப்பதுமே வழி.

ஐவேளையும் நாம் கால் கழுவுகிறோம். அவ்வேளைகளில் ஒன்றிலேனும் உள்ளங்காலைப் பார்ப்போமாக. குனிய இயலாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். விரலிடுக்குகளைத் தம் துண்டால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். கட்டுப் போட்டவர்கள் வக்துக்கு வக்து அதை அவிழ்த்து நனைத்துவிடாமல், கட்டின் மீது மஸஹ் செய்யும் சட்டத்தை இமாம் அவர்களிடம் கேட்டறிய வேண்டும். செருப்புத் தொலையும் என்று தேய்ந்த செருப்பில் பள்ளிக்கு வருவது நம்மில் பலரின் வழக்கம். மரத்த காலுக்கு அது முள்ளைவிடக் கொடியது.

வரும் கோடைக்கு முன், ஹவ்ளிலிருந்து உள்பள்ளி வரை கயிற்றுப்பாய் விரிக்குமாறு நிர்வாகத்தாரை வேண்டுகிறோம்.