கொலை வழக்கும் கேட்ட செவியும்



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த கதை. அதை வாசித்தோர் இச்சபையிற் பலர் இருப்பீர்கள். நான் பேச வந்தது அதைக் கேட்டதைப் பற்றி. இன்று அது ஒலிநூலாகக் கைத்தொலைபேசியிற் கிடைக்கிறது. கண்புரையால் வாசிக்க இயலாத எங்கள் ஆச்சிக்கு நாள்தோறும் போட்டுவிடுவேன். கை வெங்காயம் உரிக்க, செவி சோழநாட்டில் உலாவும்.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் மாண்ட கட்டம் வந்தது. "உவள் நந்தினிதான் மோனை. குரலைக் கேட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி.

நான் திகைத்தேன். கொன்றவர் யாரென்று கல்கி திட்டமாகச் சொல்லாமல் விட்ட இடமல்லவா அது? ஆனால் நந்தினி பேசும்போதெல்லாம் வாசித்தவர் குரல் குழைந்தது. செவி அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. அச்செழுத்துக்கு அந்தக் குழைவு இல்லை.

கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கு அண்மையில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், ஒரு கல்வெட்டு உண்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்கள் நிலம் பறிமுதலானதைக் கூறுகிறது. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. ஏவியவர் எவர்? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதைச் சொன்னதும் ஆச்சி என்னையே குற்றவாளியாக்கினார். "அப்ப ஏன் இடையிலை நிப்பாட்டிச் சொல்லேல்லை? கோயிலிலை ஒருத்தர் படிக்க, மற்றவர் பயன் சொல்லுறேல்லையோ?"

உண்மைதான். நம்மூர்ப் பக்கத்துக் கந்தபுராண படனத்தில் பாட்டு ஒருவர் வாயில், பொருள் இன்னொருவர் வாயில். பயன் பிசகினால் தூணோரம் இருக்கும் கிழவர் தொண்டையைச் செருமுவார். சொல்பவர் திரும்பவும் சொல்லவேண்டும். காதிற் செருகிய கருவியை நோக்கி எவர் செருமுவது? இளைஞர்காள், கதை கேட்பதை நான் குறை கூறவில்லை. ஆனால், 'இதன் பின்னால் இன்னார்தான்' என்று உருக்கமான குரலில் உங்களுக்கு வரும் ஒலிப்பதிவுகளெல்லாம் நாவல்கள் அல்ல. அவற்றுள் அயலவன் பெயரும் வருகிறது. நீங்களும் அதை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

இப்போது ஆச்சியும் நானும் இரண்டாம் முறை கேட்கிறோம், நிறுத்தி நிறுத்தி. ஒரு மாதமாகியும் முதற்பாகம் தாண்டவில்லை. நந்தினியை விடுவிக்க ஆச்சி இன்னும் உடன்படவில்லை.