பாடம் செய்யும் கை



பதுளை நகரிலே பரிசுத்த மாற்கு தேவாலயம் என்னும் பழைய ஆலயம் ஒன்றுண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. பதுளையில் அதிகாரம் செலுத்திய அவர், 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400-க்கு மேற்பட்டவை என்று இன்றளவும் சொல்லப்படுகிறது. அத்தனை யானைகளைக் கொன்ற துப்பாக்கியினால் யானை என்னும் பிராணியைப் பற்றி உலகம் புதிதாக அறிந்துகொண்டது யாது என்று வினவினால், விடை கூறுதல் அரிது.

அதே அப்புத்தளைச் சாரலிலே, ஒரு தலைமுறைக்குப் பின்னர், சாமுவேல் பிளை என்றொரு காப்பித் தோட்டத் துரை இருந்தார். அவருக்குப் பறவைகளிலே நாட்டம். அடர்ந்த காட்டின் ஓடைக் கரைகளில் ஒளிந்து வாழும், கருநீல நிறமுடைய, சீழ்க்கையடிக்கும் பூங்குருவி ஒன்று அவர் வாயிலாக வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1872 இல் ஹோல்ட்ஸ்வொர்த் என்னும் அறிஞர் அதனைப் புதிய இனமென விவரித்து, பிளையின் பெயரையே அதற்கு இட்டார். இலங்கையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத அப்பறவை இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது என்பதையும், அது வாழும் காடு எத்துணை சிறிது என்பதையும் நாம் பேச முடிகிறதென்றால், அந்நாளிலே சிறு பறவையின் தோலைக் கெடாமல் பதப்படுத்தி வைத்த கைகளும் அதற்கொரு காரணம்.

இக்கலைக்குத் தமிழிலே பாடம் செய்தல் என்று பெயர். புகையிலையைப் பாடம் செய்கிறோம். தோலைப் பாடம் செய்கிறோம். பள்ளியிலே பிள்ளைகள் கற்பதும் பாடந்தான். இந்தக் கலையைப் பொறுத்தவரையில் இவ்விரு பாடங்களும் ஒன்றாகவே நடைபெற வேண்டும் என்பதுதான் விசேஷம். நூலைப் படித்துப் பாடம் செய்ய முற்பட்டவன் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கிழிந்த தோலும் உதிர்ந்த இறகுகளுமே.

ஏன் அப்படி? ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். மேசையின்மீது அன்று இறந்த சேவலோ புறாவோ கிடக்கிறது. தேர்ந்த ஆசிரியர் முதலில் அதன் தொண்டையைப் பஞ்சினால் அடைக்கச் சொல்வார். உள்ளிருக்கும் நீர் வழிந்து இறகை நனைத்துவிடலாகாது. பிறகு மார்பின் இறகுகளை இருபுறமும் விலக்கி, தோலை மட்டும் கீறச் செய்வார். கத்தி சற்று ஆழ இறங்கினாற்கூடச் சதை வெட்டுப்பட்டு இரத்தம் பெருகும். வெட்டிய இடத்தில் சோள மாவையோ மரத்தூளையோ தூவிக்கொண்டே போக வேண்டும். அதன்பின் கத்திக்கு அதிக வேலையில்லை. விரல் நுனியால் தோலைச் சதையினின்றும் தள்ள வேண்டும், இழுத்தலாகாது. தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள வேற்றுமையை எந்த நூலாசிரியராலும் எழுதிக் காட்ட இயலாது. மாணவன் விரலின்மேல் ஆசிரியர் தம் விரலை வைத்து அழுத்திக் காட்டும்போதுதான் அது புரியும்.

கால்களை முழங்கால் மூட்டிலே அறுத்து, இறக்கைகளை விடுவித்து, காலுறையைப் புரட்டுவதுபோலத் தோலைத் தலைவரையில் புரட்டிக் கொண்டுவர வேண்டும். செவித் துளையையும் கண்ணிமையையும் கிழியாமல் கடப்பதே பெருஞ் சோதனை. மண்டையோட்டைச் சுத்தம் செய்து, தோலின் உட்புறத்தில் மருந்திட்டு, மீண்டும் வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். எடுத்த சதையுடலை உடனே வீசிவிடக் கூடாது. அதனை அருகே வைத்துக்கொண்டு, அதே நீளத்துக்கும் பருமனுக்கும் மரச்சீவலை நூலாற் சுற்றி ஒரு பொய்யுடல் செய்ய வேண்டும். புதியவர்கள் அதனைப் பெரிதாகச் செய்துவிட்டுத் தோல் போதவில்லை என்று திகைப்பார்கள். அநுபவசாலி ஒரு பார்வையிலேயே குறையைச் சொல்லிவிடுவார். கம்பி கோத்து, கண்ணாடிக் கண் பதித்து, இறகுகளை ஒவ்வொன்றாக நீவி விட்டு, நூலால் மெல்லச் சுற்றிக் காய வைத்தால், பல நாட்களுக்குப் பின்னரே மாணவன் தன் வெற்றி தோல்வியை அறிவான்.

இப்படிக் கற்ற மாணவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் சார்ள்ஸ் டார்வின். 1826 இல், வைத்தியம் பயில எடின்பரோ சென்ற 17 வயது இளைஞராக இருந்தபோது, நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு மாதங்களுக்கு ஒரு கினி கட்டணம் கொடுத்துப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றார். கற்பித்தவர் ஜோன் எட்மன்ஸ்ரன் என்னும் கறுப்பின மனிதர். தென் அமெரிக்காவின் டெமராரா என்ற இடத்திலே அடிமையாயிருந்து, சார்ள்ஸ் வோட்டர்ட்டன் என்ற இயற்கை ஆய்வாளரிடம் இக்கலையைக் கற்று, பின் ஸ்கொத்லாந்து வந்து விடுதலை பெற்றவர் அவர். பின்னாளிலே இந்தியத் தொழிலாளர்கள், தமிழரும் உட்பட, கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கயானா நாடுதான் அந்த டெமராரா என்பதை மலைநாட்டு நேயர்கள் மனத்திற் கொள்ளலாம்.

டார்வின் தம் தன்வரலாற்றில் இந்த ஆசிரியரைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார். அவர் பக்கத்திலே அமர்ந்து பேசுவது தமக்கு மகிழ்ச்சி தந்தது என்றும் கூறுகிறார். ஆயினும் அவர் பெயரை மட்டும் எழுதவில்லை! அது எட்மன்ஸ்ரன் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. உலகையே சுற்றி வந்த பீகிள் கப்பற் பயணத்தில் டார்வினின் கைக்கு உதவிய தொழில், பெயரெழுதப்படாத ஓர் ஆசிரியரின் கொடை.

நம் நாட்டிலும் இத்தகைய ஒருவர் உண்டு. எட்கர் லயார்ட் என்னும் ஆங்கிலேயரிடம் பணியாளராக இருந்த முத்து என்ற தமிழர், அவருக்காகப் பறவைகளைத் தேடித் தேடிக் கொணர்ந்தார். பருத்தித்துறையிலே கிடைத்த ஒரு சிறு ஈப்பிடிப்பானுக்கு 1854 இல் லயார்ட் முத்துவின் பெயரையே சூட்டினார். குளிர்காலத்தில் இலங்கைக்கு வந்து போகும் அப்பறவையை விஞ்ஞான உலகம் இன்றும் முத்துயி என்றே அழைக்கிறது. முத்துவின் தகப்பனார் பெயரையோ ஊரையோ அந்தப் பெயர் சொல்வதில்லை. எட்மன்ஸ்ரனுக்கு அதுகூடக் கிட்டவில்லை என்பதை நினைத்தால், லயார்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஊவாத் தோட்டங்களில் இக்கலையின் வேறொரு முகத்தைத்தான் தொழிலாளர் கண்டனர். துரைமாரின் பங்களாச் சுவர்களில் மரையின் கொம்பும் சிறுத்தையின் தலையும் தொங்கின. மைசூரிலே வான் இஞ்சன் குடும்பத்தார் நடத்தி 1999 இல் மூடிய தொழிற்கூடம் ஒன்றே 40,000-க்கு மேற்பட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்தது என்றால், அக்காலத்தின் வேட்டை வெறியை ஊகித்துக்கொள்ளலாம். கைத்திறனில் அவர்களுக்கு இணை சிலரே. அந்தத் திறன் எதற்குச் செலவாயிற்று என்பதே வருத்தம்.

பழைய தலைகள் இன்னும் தொங்கும் பங்களாக்களில் தூசி தட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சில் பெக்கூர் என்பவர் வெள்ளைப் பாஷாணத்தையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த சவர்க்காரமே நெடுங்காலம் தோலுக்கு இடும் மருந்தாக வழங்கிற்று. பூச்சி அரிக்காமல் காத்த அந்த நஞ்சு இன்றும் அம்மயிரிலும் தூசியிலும் இருக்கக்கூடும். கையுறையும் முகமூடியும் இன்றி அவற்றைத் துடைத்தல் ஆகாது. பிள்ளைகள் தொடவும் விடலாகாது. இக்காலத்து ஆசிரியர்கள் பலர் வெண்காரத்தையும் படிகாரத்தையும் கையாளுகின்றனர்.

வேட்டையின் காலம் போயிற்று. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் நாட்டில் உண்டு. சிறுத்தையின் தோலை அநுமதியின்றி வைத்திருத்தல் குற்றமாகும். ஆயினும் தேயிலை மலைகளில் காட்டுப் பன்றிக்கென வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் இன்னும் மாள்கின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் பிழைக்கவில்லை. அத்தகைய உடல்களைத் தொடும் உரிமை வனசீவராசிகள் திணைக்களத்துக்கே உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சேவலும் புறாவும் போதும்.

சேவலைப் பாடம் செய்தாலும் அதன் காலில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில்லாத தோல் அலங்காரப் பொருள் ஆகலாமேயன்றி ஆதாரம் ஆகாது. டார்வினே கலாபகோஸ் தீவுகளில் இதிற் சோர்ந்துவிட்டார். எந்தக் குருவி எந்தத் தீவினது என்று பலவற்றுக்குக் குறித்து வைக்கவில்லை. 1837 இல் ஜோன் கூல்ட் அவற்றை ஆராய்ந்து வெவ்வேறு இனங்கள் என்று சொன்னபின், கப்பற் றலைவர் முதலானோர் சேர்த்த பறவைகளின் சீட்டுகளையே அவர் நாட வேண்டியிருந்தது.

ஆகவே பதுளையிலே ஒரு மாணவி அப்படியொரு சீட்டு எழுதுவாளாயின், அதில் இருக்க வேண்டியவை இவை: பிடித்த நாள், இடம் பதுளை, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீற்றர், சேவல், உயிரோடிருந்தபோது கண்ணின் நிறம், பாடம் செய்தவர் பெயர், அவருக்கு அதைக் கற்பித்தவர் பெயர்.