வரைபடப் பட்டியலும் கைப்பேசிச் செயலியும்



இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டில் தோன்றியது. அன்று தொட்டு அரசுத் துறைகள் ஆக்கிய வரைபடங்கள் எண்ணிலடங்கா. ஆயின், எந்த வரைபடம் எங்கே உள்ளது என்பது தெரியாவிடில், ஒரே நிலத்தைப் பொதுப்பணத்தில் இருமுறை அளக்க நேரிடும்.

இவ்விரயத்தைத் தடுப்பதே விவரப் பட்டியலின் நோக்கம். வரைபடத்தை ஆக்கியவர் யார், ஆண்டு எது, அளவுகோல் யாது என்னும் குறிப்புகள் மெட்டாடேட்டா எனப்படும். பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் புவி உருவை ஆதாரமாகக் கொண்டவை. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கையோ பொதுப் பயன்பாட்டு வரைபடங்களுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையை வகுத்தது. இவ்வேற்றுமையை அறியாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஆற்றின் கரை இடம் விலகிவிடும். வெள்ளக் காலத்தில் இது சிறு பிழையன்று.

தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்பு 2006இல் நிறுவப்பட்டது. தேசியப் புவிசார் கொள்கை 2022 டிசம்பரில் வெளியாயிற்று. எனவே, களத்தில் நிற்கும் ஊழியரின் கைப்பேசியிலேயே பட்டியல் கிடைக்கச் செய்வது அடுத்த படியாகும்.

இச்செயலியை உருவாக்கத் தேவையான கருவிகள் பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கின்றன. நிரல் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. மாற்றங்களைப் பதிந்து காக்க கிட். பட்டியலைத் தாங்கும் வழங்கியாக, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிவைத்த ஜியோநெட்வொர்க். இணைப்பற்ற இடங்களில் குறிப்புகளைச் சேமிக்க எஸ்க்யூலைட். குறிப்புகளின் வடிவத்திற்கு ஐ.எஸ்.ஓ. 19115 என்னும் சர்வதேசத் தரம் உளது.

கருவிக்கு விலையில்லை, அதை அமைக்கும் உழைப்புக்கு விலை உண்டு. ஒரு கருவியின் பதிப்பு மாறினும் மற்றொன்று இயங்க மறுக்கக்கூடும். அமைத்தவர் மாற்றலாகிச் சென்றால், பின்வருபவர் அனைத்தையும் மீண்டும் தொடங்க வேண்டும். அளந்த நிலத்தையே மறுபடி அளக்கும் விரயம் இங்கும் தலைகாட்டுகிறது.

பரிகாரம் எளியது. ஒவ்வொரு கருவியின் பெயர், பதிப்பு எண், நிறுவும் வரிசை ஆகியவற்றை எழுதி, நிரலுடனேயே வைத்தல் வேண்டும். நிறுவல் கோப்புகளின் படிகளை அலுவலகத்திலும் சேமித்தல் நலம். சோதனைக்கு மாதிரிக் குறிப்புகளையே பயன்படுத்துதல் தகும். இறுதியாக, பணிக்குப் புதியவர் ஒருவர் அக்குறிப்பை மட்டும் துணைகொண்டு, வெறும் கணினியில் செயலியை இயக்கிக் காட்ட வேண்டும். அவர் தடைப்படும் இடமே திருத்தப்பட வேண்டிய இடம்.

வரைபடத்திற்கு விவரக் குறிப்பு எத்துணை இன்றியமையாததோ, அப்பட்டியலை ஆக்கும் கருவிகளுக்கும் அத்துணை இன்றியமையாதது. அது நிறைவேறின், பொதுச் செல்வத்தால் ஆன அறிவு ஆள் மாறினும் அழியாது பயன்தரும்.