ஒரே தொட்டியில் இரண்டு பிணைப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பழைய கதை பேசாமல் வேதியியல் பேச வந்துவிட்டானே என்று யாரும் எழுந்துவிடாதீர்கள், பத்தே நிமிடம்தான். நான் சாய ஆலையில் பொறியாளர். அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் எனக்குப் பரீட்சையோடு முடியவில்லை. தினமும் ஒரே சாயத்தொட்டியில் இரண்டையும் பார்க்கிறேன்.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். சேலை எடுக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாயம் போகுமா?" பழைய நேரடிச் சாயங்கள் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், துவைக்கத் துவைக்க வெளுக்கும். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இவ்வகைச் சாயம் பருத்தியின் செல்லுலோசோடு எலக்ட்ரான்களைப் பங்கு வைத்துக்கொள்கிறது. இதுதான் சகப்பிணைப்பு. இரண்டு புஞ்சைக்கு நடுவில் வெட்டிய பங்குக் கிணறு மாதிரி. இருவருக்கும் பாத்தியதை உண்டு. ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆனால் சாயம் தானாக நூலிடம் போய்ச் சேராது. தண்ணீரில் நூலுக்கும் எதிர் மின்சுமை, சாயத்துக்கும் எதிர் மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். சமாதானம் பண்ணி வைக்க உப்பு வேண்டும். உப்பில் பங்குக் கணக்கே கிடையாது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டது, கொடுத்தது கொடுத்ததுதான். இரண்டும் அயனிகளாகி, மின்கவர்ச்சியால் கட்டுண்டு கிடக்கின்றன. தண்ணீரில் போட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். சோடியம் அயனிகள் நடுவில் நின்று அந்தத் தள்ளலைக் குறைக்க, சாயம் நூலுக்குள் இறங்குகிறது. பிறகு சோடா போட்டுக் காரமாக்கினால் சகப்பிணைப்பு விழுகிறது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். அது நூலோடு பிணைவதில்லை. அலசின தண்ணீரோடு வெளியே போகிறது. கழிவுநீரின் நிறத்தைச் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். தண்ணி தெளிந்துவிடும், உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும்; மிஞ்சுகிற கரைசலை ஆவியாக்கவும் வேண்டும். இதைச் சரியாகச் செய்யாததால்தான் நொய்யல் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது.

நம் நிலைமை அதைவிட நெருக்கடியானது. குண்டாறு மழை பெய்தால்தான் ஓடும். திருச்சுழிப் பக்கம் கண்மாய் பெருகினால்தான் கிணறு ஊறும். கண்மாயில் சேர்ந்த உப்பு, தண்ணீர் வற்றினாலும் மண்ணிலேயே கிடக்கும். சேலையில் சாயம் நிற்க வேண்டும் என்பதற்காக நல்ல தண்ணிக் கிணற்றை இழக்க முடியுமா?

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரம் பாயாது, உப்புத் தண்ணீரில் பாயும், அயனிகள்தான் காரணம். கண்டக்டிவிட்டி மீட்டர் இதை வைத்தே உப்பை அளக்கிறது. மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் தைரியமாகப் பேசலாம்.

மீட்டர் வாங்கித் தருவது எங்கள் செட்டின் பொறுப்பு.